கர்ப்ப கால எச்.ஐ.வி. பரிசோதனை: "என்மேல் சந்தேகமா?" என்பவரிடம் எப்படிப் பேசுவது?

மலர் (செவிலியர்):
முதல் செக்கப்பில் எச்.ஐ.வி. என்ற பேச்சை எடுத்ததுமே சிலருக்கு முகம் வாடிவிடுகிறது. "என்னைப் பார்த்தா அப்படியா தெரியுது?" என்கிறார்கள். சிலர், "வீட்டுக்காரரைக் கேட்டுச் சொல்றேன்" என்று போய்விடுகிறார்கள். வற்புறுத்தாமல் எப்படிப் புரியவைப்பது? ஒருமுறை 'இல்லை' என்று வந்துவிட்டால் போதுமா?

ஆலோசகர்_செல்வி:
மலர், அதை மட்டும் தனியாகப் பிரித்துச் சொல்வதால்தான் சந்தேகமாகப் படுகிறது. ஹீமோகுளோபின், ரத்த வகை, சிஃபிலிஸ், ஹெபடைட்டிஸ் பி வரிசையிலேயே சொல்லுங்கள்: "கர்ப்பமான எல்லாருக்கும் இதெல்லாம் பார்க்கிறோம், எச்.ஐ.வி.யும் சேர்த்து. வேண்டாம்னா சொல்லலாம், மத்த கவனிப்பு எதுவும் குறையாது." அந்தக் கடைசி வரியை விடவே கூடாது. சொல்லாமல் ரத்தம் எடுத்தது தெரிந்தால் அடுத்த செக்கப்புக்கே வரமாட்டார்.

கூட வந்தவர்களை வெளியே உட்காரவைத்துவிட்டுப் பேசுங்கள். கணவரும் சேர்ந்து பரிசோதனை செய்துகொள்வது நல்லது. ஆனால் வீட்டில் அடி, மிரட்டல் உண்டா என்று முதலில் அந்தப் பெண்ணிடம் விசாரியுங்கள். உண்டென்றால், அவர் சம்மதமில்லாமல் கணவரை அழைக்காதீர்கள்.

லேப்_குமார்:
ஒருமுறை போதாது. தொற்று ஏற்பட்ட புதிதில் ஆன்டிபாடி (வைரஸை எதிர்த்து உடல் உண்டாக்கும் புரதம்) இருக்காது. அதைத் தேடும் உடனடிப் பரிசோதனையான ரேபிட் கிட்டில் தெரிய 90 நாள்வரைகூட ஆகலாம். தொற்றும் வாய்ப்பு உள்ளவர்களுக்குக் கடைசி மூன்று மாதத்தில் மறுபடி பார்க்க வேண்டும். கர்ப்பத்தின் நடுவிலோ பாலூட்டும்போதோ புதிதாகத் தொற்றினால் வைரஸ் அளவு எகிறிவிடும், குழந்தைக்குப் பெரிய ஆபத்து.

முதல் கிட்டில் கோடு விழுந்ததும் 'பாசிட்டிவ்' என்று சொல்லிவிடாதீர்கள். வேறு வகைக் கிட்களில் உறுதிசெய்த பிறகே சொல்ல வேண்டும். அதே கிட்டைத் திரும்பப் போட்டால், அதே பிழையும் திரும்ப வரலாம்.

டாக்டர்_அன்பு:
தயங்குபவரிடம் நான் முதலில் சொல்வது குழந்தையைப் பற்றித்தான். சிகிச்சையே இல்லாவிட்டால், பாலூட்டும் காலத்தையும் சேர்த்து, 100 குழந்தைகளில் 15 முதல் 45 வரை தொற்றலாம். முறையான சிகிச்சையில் அது 5-க்கும் கீழே வந்துவிடும்.

உறுதியானால், அவர் தயாரென்றால், அன்றே எச்.ஐ.வி. மாத்திரை தொடங்கலாம். பலரும் கோட்டைவிடுவது ஒன்று: டோலுடெக்ராவிர் என்ற எச்.ஐ.வி. மருந்து உள்ள மாத்திரையை வெறும் வயிற்றில் இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகளோடு போட்டால் உடம்பில் சரியாக ஏறாது. அவற்றுக்கு 2 மணி நேரம் முன்போ 6 மணி நேரம் பின்போ போடலாம். சாப்பாட்டோடு என்றால் சேர்த்தே போடலாம். கர்ப்பிணிகள் எல்லாருமே இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகள் சாப்பிடுபவர்கள் என்பதால், இதைச் சீட்டில் எழுதியே கொடுங்கள்.

பிறந்ததும் குழந்தைக்குத் தொற்றைத் தடுக்க நெவிராபின் சொட்டு மருந்து, பொதுவாக 6 வாரம். 4–6 வாரத்தில், வைரஸையே நேரடியாகத் தேடும் பி.சி.ஆர். பரிசோதனை. 18 மாதம்வரை தாயின் ஆன்டிபாடி குழந்தையிடம் இருக்கலாம். அதற்குள் ரேபிட் கிட் காட்டும் பாசிட்டிவை வைத்துத் தொற்று என்று முடிவுகட்டக் கூடாது.