1998 புல்லட் 350: புது பேட்டரி, புது ஆர்.ஆர். யூனிட் போட்டும் சார்ஜ் ஏறலை

கானாடுகாத்தான் கிக்கர்:

வண்டி 1998 ஸ்டாண்டர்டு 350. காஸ்ட் அயர்ன் எஞ்சின், பாயிண்ட்ஸ் இக்னிஷன், 12 வோல்ட், கிக் மட்டும். பல வருஷம் முகப்புல சும்மா நின்ன வண்டி. இப்ப ஃப்ரேம், பேட்டரி பெட்டி, பிராக்கெட் எல்லாத்துக்கும் பவுடர் கோட்டிங் கொடுத்து, வயரிங் செட்டும் புதுசா போட்டு ரோட்டுக்கு வந்திருக்கு.

பிரச்சினை இதுதான். அம்மீட்டர் முள் எந்த வேகத்துலயும் நடுவுக்கு இந்தப் பக்கம், டிஸ்சார்ஜ்லயே நிக்குது. பிரேக் மிதிச்சா இன்னும் சாயுது. காரைக்குடியில இருந்து திருப்பத்தூர் போய்த் திரும்பும்போது குன்றக்குடி தாண்டினதும் மிஸ்ஃபயர் ஆரம்பிக்குது, ஹாரன் கரகரங்குது. பேட்டரியை வெளிய சார்ஜ் போட்டு மாட்டினா மறுபடி நல்லா ஓடும். 5 ஏஹெச் பேட்டரி புதுசு, ஆர்.ஆர். யூனிட்டும் (ஏசியை டிசியா மாத்தி வோல்ட்டைக் கட்டுப்படுத்துற ரெகுலேட்டர்-ரெக்டிஃபையர்) புதுசு. மாத்தினதுக்கு முன்னாடியும் பின்னாடியும் ஒரே கதை. ஹெட்லைட் எஞ்சின் ஓடினாத்தான் எரியும், வெளிச்சம் நல்லா இருக்கு. ஆனா பல்பு ரெண்டு தடவை ஃபியூஸ் போயிடுச்சு.

கேட்ட இடத்துல எல்லாம் ஸ்டேட்டர் (கரண்ட் உண்டாக்குற ஆல்டர்னேட்டரோட காயில் செட்) மாத்தச் சொல்றாங்க. அதை மூடியிருக்கிற பிரைமரி கவரைக் கழட்டுறதுக்கு முன்னாடி எதை எப்படி அளந்து உறுதி பண்றது? டிஜிட்டல் மல்டிமீட்டர் கையில இருக்கு.

ரஸ்தாக்காரன்:

ஹெட்லைட் எஞ்சின் ஓடினாத்தான் எரியுதுன்னா அது ஸ்டேட்டர்ல இருந்து நேரா வர்ற ஏசி. அது நல்லா எரியுதுங்கிறதே பாதி பதில். கிராங்க்ல சுத்துற ரோட்டர்ல காந்தம் உயிரோட இருக்கு. மிச்சம் இருக்கிறது சார்ஜிங் காயில், ஆர்.ஆர்., அதுக்கும் பேட்டரிக்கும் நடுவுல இருக்கிற வயர். இந்த வரிசையிலயே அளங்க, எதையும் தாண்டிப் போகாதீங்க.

முதல்ல பேட்டரியை வெளிய முழுசா சார்ஜ் பண்ணி ராத்திரி பூரா சும்மா வச்சு, காலைல அளங்க. 12.6க்கு மேல இருந்தா நிறைஞ்சிருக்கு. 12.4 முக்கால்வாசி, 12.0க்குப் போயிட்டா அடிமட்டம். இது தெரியாம மத்த அளவு எதுவும் அர்த்தம் ஆகாது.

அடுத்து எஞ்சினை ஓட விட்டு, பேட்டரி முனைலயே மீட்டர் வைங்க. டேக்கோமீட்டர் இல்லாத வண்டி, அதனால மூணாவது கியர்ல 40ல போகும்போது வர்ற சத்தத்துக்கு ரேஸ் கொடுத்துப் பிடிங்க. 13.8ல இருந்து 14.5க்குள்ள வந்தா சார்ஜ் ஆகுது. 15ஐத் தாண்டினா ரெகுலேட்டர் போச்சு. நிறுத்தியிருந்தப்ப இருந்ததைவிடக் குறைஞ்சா பேட்டரி மட்டும்தான் பாரத்தை இழுக்குது.

இப்ப ஸ்டேட்டர். ஆர்.ஆர்.க்குப் போற ரெண்டு ஏசி வயரையும் பிடுங்குங்க. மீட்டரை ஓம்ஸ் 200ல வச்சு, முதல்ல ரெண்டு முள்ளையும் ஒண்ணோட ஒண்ணு தொட்டு வர்ற அளவைக் குறிச்சுக்கிட்டு, காயில் அளவுல இருந்து கழிங்க. சில ஓம்ஸ்க்குள்ள ஏதாவது காட்டணும். அதுல ரொம்ப நம்பிக்கை வைக்காதீங்க, சாதா மீட்டர் ஒரு ஓம்முக்குக் கீழ தடுமாறும். அதைவிட முக்கியம், ரெண்டு வயர்ல எதுவும் எஞ்சின் பாடியோட தொடர்பு காட்டக்கூடாது. காட்டினா இன்சுலேஷன் போயிடுச்சு, அப்ப கவரைக் கழட்டத்தான் வேணும்.

ரெண்டு வயருக்கும் நடுவுல ஏசி வோல்ட் அளந்தா ஐடில்ல கொஞ்சமும் ரேஸ்ல ஏறிக்கிட்டே போயும் காட்டணும். ஆனா பாரம் இல்லாம அளக்குறதுல ஒரு ஏமாத்து உண்டு: உள்ளுக்குள்ள சில சுத்து ஷார்ட் ஆன காயிலும் சும்மா இருக்கும்போது நல்ல வோல்ட் காட்டிடும். அதனால ஒரு 55/60 வாட் ஹாலஜன் பல்பை எடுத்து ரெண்டு ஃபிலமென்ட்டையும் சேர்த்து அந்த ரெண்டு வயர்ல கொடுங்க. 115 வாட், 12 வோல்ட்டுன்னா சூடான நிலைமைல சுமார் 1.25 ஓம் பாரம். பழைய லூகாஸ் ஆல்டர்னேட்டரை 1 ஓம் ரெசிஸ்டர் வச்சு சோதிக்கிற முறைக்கு இது கிட்டத்தட்ட சமம். ரேஸ்ல பல்பு நல்லா எரிஞ்சு 8, 9 வோல்ட்டுக்கு மேல நின்னா ஸ்டேட்டர்ல கை வைக்க வேண்டாம். சிவப்பா முணுமுணுன்னு எரிஞ்சு நின்னுட்டா காயில் வீக்.

இது எல்லாம் சரின்னா, எஞ்சின் ரேஸ்ல ஓடும்போது மீட்டரை டிசி 20ல வச்சு ஆர்.ஆர். பிளஸ் வயருக்கும் பேட்டரி பிளஸ்ஸுக்கும் நடுவுல அளங்க. 0.3க்கு மேல இருந்தா வழியில எங்கயோ தொடர்பு சரியில்ல: சாக்கெட், ஃபியூஸ் ஹோல்டர், அம்மீட்டர் நட்டு.

ஒண்ணு மட்டும் செஞ்சிடாதீங்க. எஞ்சின் ஓடும்போது பேட்டரி வயரைக் கழட்டி "நிக்குதா, ஓடுதா"ன்னு பாக்குறது. பேட்டரிதான் அந்த வோல்ட்டை அமுக்கிப் பிடிச்சிருக்கு. கழட்டின நிமிஷமே எகிறி, புது ஆர்.ஆர்.ஐயும் பல்பையும் காவு வாங்கும்.

கொட்டான்:

மேல சொன்னது அத்தனையும் சரி. ஆனா கேள்வியிலயே விடை கிடக்குது, ரெண்டு பேரும் தாண்டிப் போறீங்க. பவுடர் கோட்டிங்!

இந்த ஆர்.ஆர். யூனிட்டுல பெரும்பாலும் மைனஸ் பாடி வழியாத்தான் போகும். பாடி பிராக்கெட்டைத் தொடணும், பிராக்கெட் ஃப்ரேமைத் தொடணும், ஃப்ரேம் பேட்டரி மைனஸைத் தொடணும். பவுடர் கோட்டிங் கெட்டியான பிளாஸ்டிக் தோல், அதுல கரண்ட் போகாது. போல்ட்டோட மரை வழியா ஏதோ கொஞ்சம் தொட்டுக்கிட்டு இருக்கும். அந்தக் கொஞ்சத்தை வச்சு 'எர்த் இருக்கு'ன்னு மீட்டர் பீப் அடிக்கும், ஆனா ஆம்பியர் கேட்டா கையை விரிச்சிடும். அதனால எர்த்தை பஸ்ஸர்ல பாக்காதீங்க, எஞ்சின் ஓடும்போது வோல்ட்டுல பாருங்க.

ரஸ்தா சொன்ன பிளஸ் பக்க அளவு நல்லா வரும், அங்க ஏமாந்துடுவீங்க. ரேஸ்ல வச்சு இன்னும் மூணு அளவு எடுங்க:

ஆர்.ஆர். பிளஸ் – ஆர்.ஆர். பாடி.
ஆர்.ஆர். பிளஸ் – பேட்டரி மைனஸ்.
ஆர்.ஆர். பாடி – பேட்டரி மைனஸ்.

பாடியைத் தொடும்போது பெயிண்ட் மேல முள்ளை வைக்காம, சுரண்டி வெள்ளை உலோகத்துல வைங்க. மூணாவது அளவு 0.2க்குள்ள இருந்தா நான் சொன்னது தப்பு, ஸ்டேட்டர் பக்கம் போங்க. 1 வோல்ட்டுக்கு மேல போனா குற்றவாளி கையும் களவுமா மாட்டிக்கிட்டான்.

பல்பு அடிக்கடி போறதும் இதே குடும்பம்தான்னு நினைக்கிறேன். ஹெட்லைட் ஏசியைக் கட்டுப்படுத்துற ரெகுலேட்டரும் பாடி எர்த் வகையா இருந்தா, எர்த் போனதும் அதால வோல்ட்டை அமுக்க முடியாது. நாலாவது கியர்ல முறுக்கும்போது பல்பு வெளிச்சமா எரிஞ்சு டப்புன்னு போயிடும். 'வெளிச்சம் நல்லா இருக்கு'ன்னு நீங்க சந்தோஷப்பட்டதே அந்த வோல்ட்டா இருக்கலாம்.

நடராஜா சர்வீஸ்:

இவ்வளவு தலைவலி எதுக்கு. ஸ்டேட்டரை மாத்திட்டு, பாயிண்ட்ஸைத் தூக்கிட்டு எலக்ட்ரானிக் இக்னிஷன் போட்டுடுங்க. பேட்டரி மேல இருக்கிற பாரமே குறையும்.

ரஸ்தாக்காரன்:

@நடராஜா சர்வீஸ், பாரம் உண்மைதான். பாயிண்ட்ஸ் மூடியிருக்கும்போது இக்னிஷன் காயில் சுமார் 3 ஆம்பியர் இழுக்கும், பிரேக் லைட் 21 வாட் பல்பு 1.75 ஆம்பியர். சார்ஜே இல்லாம ஓடினா 5 ஏஹெச் எவ்வளவு தூரம் வரும்னு நீங்களே கணக்குப் போட்டுக்கலாம், குன்றக்குடிக் கணக்கு சரியாத்தான் வருது. ஆனா சார்ஜ் வராத வண்டியில இக்னிஷனை மாத்தினா நின்னு போற இடம் இன்னும் கொஞ்சம் தள்ளிப் போகும், அவ்வளவுதான்.

ஸ்டேட்டரைத் தேவையில்லாம கழட்டுறதும் சின்ன வேலை இல்ல. இடது ஃபுட்ரெஸ்ட், பிரேக் பெடல் கழட்டி, ஆயிலைப் பிடிக்க அடியில ட்ரே வச்சு, நடு நட்டைத் திருப்பிக் கவரை எடுக்கணும். ரப்பர் சீல் பழசா இருந்தா திரும்ப மாட்டும்போது ஒழுகும். மாட்டும்போது ரோட்டருக்கும் ஸ்டேட்டருக்கும் நடுவுல சுத்திலும் குறைஞ்சது 0.2 மில்லிமீட்டர் இடைவெளி வேணும். இரும்பு ஃபீலர் கேஜ் காந்தத்துல ஒட்டிக்கிட்டு பொய் சொல்லும், பித்தளைத் தகடு வச்சுப் பாருங்க. ஒரு பக்கம் உரசின தடம் இருந்தா கிராங்க் பேரிங்கையும் சந்தேகப்படணும். வயர் வெளிய வர்ற இடத்துல பிரைமரி செயின் உரசாம கிளிப் பண்ணணும். இதெல்லாம் தேவைப்பட்டா செய்யுறது. அளக்காம செய்யுறது இல்ல.

கானாடுகாத்தான் கிக்கர்:

அளந்தாச்சு. எல்லாமே ரேஸ்ல, பேட்டரியை முழுசா சார்ஜ் பண்ணின பிறகு.

எஞ்சின் நிறுத்தி பேட்டரி 12.7. ஓடும்போது 12.1.
ஸ்டேட்டர் வயர் எதுவும் பாடியைத் தொடலை. ஹாலஜன் ரெண்டு ஃபிலமென்ட்டும் நல்லா எரியுது, 9 வோல்ட்டுக்கு மேல நிக்குது.
ஆர்.ஆர். பிளஸ் – பேட்டரி பிளஸ் 0.1.
ஆர்.ஆர். பிளஸ் – பேட்டரி மைனஸ் 12.2.
ஆர்.ஆர். பிளஸ் – ஆர்.ஆர். பாடி 14.6.
ஆர்.ஆர். பாடி – பேட்டரி மைனஸ் 2.4, மைனஸ் குறியோட வருது.

கொட்டான்:

மாட்டிக்கிட்டான். 12.2ஓட 2.4ஐக் கூட்டிப் பாருங்க, 14.6. ஆர்.ஆர். தன் வேலையை ஒழுங்கா செய்யுது, தன் பாடியை வச்சு 14.6 கொடுத்துட்டேன்னு நினைச்சுக்கிட்டு உக்காந்திருக்கு. அதுல 2.4 பெயிண்ட்லயே செத்துப் போகுது. பழைய யூனிட்டும் நல்லதாத்தான் இருந்திருக்கும், தூக்கிப் போட்டுடாதீங்க. புதுசு போட்டும் மாறாததுக்குக் காரணம் இதுதான். கெட்டது யூனிட் இல்ல, அது உக்காந்திருக்கிற இடம்.

சரி பண்ற விதம்: யூனிட்டைக் கழட்டி, அது உக்காரும் இடத்துலயும் போல்ட் துளையைச் சுத்தியும் பிராக்கெட்ல வெள்ளை இரும்பு தெரியுற வரைக்கும் சுரண்டுங்க. யூனிட் அடியையும் எமரி பேப்பர்ல தேய்ங்க. போல்ட்டுல பல் வாஷர் போடுங்க. அதோட விடாதீங்க, பவுடர் கோட்டிங் போட்ட வண்டியில ஃப்ரேமை நம்பவே கூடாது. 2.5 ஸ்கொயர் எம்எம் கறுப்பு வயர் ஒண்ணு, ரெண்டு முனையிலயும் ரிங் லக் அடிச்சு, யூனிட்டோட போல்ட்ல இருந்து நேரா பேட்டரி மைனஸுக்கு. அதே மாதிரி இன்னொண்ணு பேட்டரி மைனஸ்ல இருந்து எஞ்சின் போல்ட் ஒண்ணுக்கு. ஹெட்லைட் ரெகுலேட்டருக்கும் இதே மருத்துவம். எல்லாம் இறுக்கின பிறகு சுரண்டின இடத்துல வாஸ்லின் தடவுங்க. முன்னாடியே தடவிட்டு இறுக்க வேண்டாம்.

கானாடுகாத்தான் கிக்கர்:

செஞ்சாச்சு. பாடி – பேட்டரி மைனஸ் இப்ப 0.05. ரேஸ்ல பேட்டரி 13.9, முள் சார்ஜ் பக்கம் சாயுது. ஐடில்ல 12.4தான் இருக்கு, பிரேக் பிடிச்சா முள் மறுபடி டிஸ்சார்ஜ் போகுது. இது சரியா? வண்டியை ஊருக்கு வரும்போது மட்டும்தான் எடுப்போம், நடுவுல மாசக்கணக்கா நிக்கும்.

ரஸ்தாக்காரன்:

ஐடில்ல அப்படித்தான். மெதுவா சுத்தும்போது இந்த ஆல்டர்னேட்டரால இக்னிஷனுக்கும் பிரேக் லைட்டுக்கும் சேர்த்துக் கொடுக்க முடியாது. 30, 40ல போகும்போது ஈடு கட்டிடும். 12.4 கவலைப்படுற அளவு இல்ல. பிரேக் சுவிட்ச் ஒட்டிக்கிட்டு லைட் எரிஞ்சுக்கிட்டே இல்லாம மட்டும் பாத்துக்குங்க.

இவ்வளவு நாள் பட்டினி கிடந்த பேட்டரிக்கு 0.5 ஆம்பியர்ல ஒரு 10 மணி நேரம் வெளிய சார்ஜ் கொடுங்க. ராத்திரி வச்சு 12.6 நிக்கலன்னா பிளேட்ல சல்ஃபேட் படிஞ்சிருக்கு, அது திரும்பாது. மூடி திறக்குற வகையா இருந்தா மேல் கோடு வரைக்கும் டிஸ்டில்டு வாட்டர் மட்டும். சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம்) இருக்கிற காரைக்குடியில பேட்டரிக்குக் குழாய்த் தண்ணி ஊத்துறதைப் பாத்தா வயிறு எரியுது. ஆசிட் முதல் நிரப்புதலுக்கு மட்டும்தான், அதுக்கப்புறம் எப்பவும் ஊத்தாதீங்க.

நிறுத்தி வைக்கிறதுக்கு முன்னாடி கசிவு பாருங்க. சாவி ஆஃப், மைனஸ் வயரைக் கழட்டி, மீட்டரை மில்லியாம்பியர்ல வச்சு நடுவுல சேருங்க. இந்த வண்டியில கடிகாரமோ அலாரமோ கிடையாது, கிட்டத்தட்ட சைபர் காட்டணும். 50 மில்லியாம்பியர் போச்சுன்னா 5 ஏஹெச் 100 மணி நேரத்துல, நாலு நாள்ல காலி. அப்படிக் காட்டினா ஆர்.ஆர். பிளஸ்ஸைப் பிடுங்கிப் பாருங்க, நின்னா உள்ள டயோடு பின்னோக்கிக் கசியுது. மீட்டர் அந்த நிலையில இருக்கும்போது சாவியைத் திருப்பிடாதீங்க, மீட்டரோட ஃபியூஸ் போயிடும்.

மாசக்கணக்கா நிக்கும்போது மைனஸைக் கழட்டி வைங்க, வீட்டுல இருக்கிறவங்களை மாசம் ஒரு தடவை சார்ஜ் போடச் சொல்லுங்க. நம்ம பக்கத்துச் சித்திரை வெயில்ல பேட்டரி சும்மா இருந்தே வேகமா இறங்கும்.

கொட்டான்:

இன்னொண்ணு. ஹெட்லைட் கிண்ணத்தைத் திறந்தா அம்மீட்டர் பின்னாடி ரெண்டு நட்டு இருக்கும். பேட்டரிக்குப் போற, வர்ற கரண்ட் அது வழியாத்தான் போகும், புல்லட் அதிர்வுல அது லூஸ் ஆகும். ஸ்பிரிங் வாஷர் போட்டு இறுக்கிடுங்க. ரொம்ப முறுக்கினா ஸ்டட் உள்ளயே சுத்தி முள் உடையும்.