ஒரே பிரிண்டர், ஒவ்வொரு முறையும் புது இன்ஸ்டாலேஷன்: பார்த்த காரணங்களும் சரிசெய்த முறைகளும்

டிரைவரை (பிரிண்டரை இயக்க விண்டோஸுக்கு உதவும் மென்பொருள்) அழித்துவிட்டு மறுபடி போடுவதைத்தான் எல்லாரும் முதலில் செய்கிறார்கள். தயவுசெய்து அதைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். யூ.எஸ்.பி பிரிண்டர் திரும்பத் திரும்ப இன்ஸ்டால் ஆனால், பெரும்பாலும் டிரைவர் கெட்டிருக்காது. நேற்றுச் செருகியதும் இன்று செருகியதும் ஒரே பிரிண்டர்தான் என்று விண்டோஸுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். ஏன் தெரியவில்லை என்று கண்டுபிடிக்க இரண்டு நிமிடம் போதும்.

கணினியில் உள்ள கருவிகளைப் பட்டியலிடும் டிவைஸ் மேனேஜரில் யுனிவர்சல் சீரியல் பஸ் கண்ட்ரோலர்ஸ் பிரிவைத் திறந்து, "யூ.எஸ்.பி பிரிண்டிங் சப்போர்ட்" வரியை இரட்டைக் கிளிக் செய்யுங்கள். டீட்டெய்ல்ஸ் பக்கத்தில் "டிவைஸ் இன்ஸ்டன்ஸ் பாத்" தேர்ந்தெடுத்தால் மூன்று துண்டுகளாக ஒரு நீண்ட வரி வரும். நடுத் துண்டில் தயாரிப்பாளர் எண்ணும் மாடல் எண்ணும் இருக்கும். பார்க்க வேண்டியது கடைசித் துண்டை. அங்கே பிரிண்டரின் சீரியல் எண் இருந்தால், எந்தப் போர்ட்டில் செருகினாலும் விண்டோஸ் அதைப் பழைய பிரிண்டராகவே எடுத்துக்கொள்ளும். அந்தத் துண்டின் இரண்டாவது எழுத்து "&" குறியாக இருந்தால், பிரிண்டர் சீரியல் எண் எதையும் தரவில்லை, செருகிய இடத்தை வைத்து விண்டோஸே ஓர் அடையாளத்தை உண்டாக்கியிருக்கிறது என்று பொருள். போர்ட் மாறினால் அடையாளமும் மாறும், இன்ஸ்டாலேஷனும் புதிதாக ஓடும்.

ஸ்கேனரும் சேர்ந்த இயந்திரம் என்றால் பிரிண்டிங் சப்போர்ட் வரியைப் பார்த்து ஏமாற வேண்டாம். அதில் எப்போதுமே "&" இருக்கும், ஏனென்றால் அது ஒரு உட்பிரிவு மட்டுமே. அதற்கு மேலே உள்ள "யூ.எஸ்.பி காம்போசிட் டிவைஸ்" வரியின் பாத்தைப் பாருங்கள்.

* * *

மேலே சொன்னது ரசீது அச்சிடும் தெர்மல் பிரிண்டர்களிலும் லேபிள் பிரிண்டர்களிலும் அதிகம். விலை குறைந்த மாடல்கள் பலவற்றில் சீரியல் எண்ணே இருக்காது. மேசையைத் துடைக்கக் கேபிளைக் கழற்றிப் பக்கத்துப் போர்ட்டில் செருகியிருப்பார்கள். உடனே பிரிண்டர் பட்டியலில் அதே பெயரோடு "காப்பி 1" என்று இன்னொரு பதிவு வந்துவிடும், பழைய பெயர் மங்கலாகி ஆஃப்லைன் காட்டும். பில்லிங் மென்பொருள் பழைய பெயருக்கே அனுப்பிக்கொண்டிருப்பதால் அச்சு வராது.

எளிய வழி, பழைய போர்ட்டுக்கே கேபிளை மாற்றி, அந்தப் போர்ட்டின் மேல் ஒரு ஸ்டிக்கர் ஒட்டிவிடுவது. பழைய போர்ட் எதுவென்று தெரியாவிட்டால், ஒவ்வொன்றிலும் செருகிப் பாருங்கள்; மங்கலான பெயர் எந்தப் போர்ட்டில் தெளிகிறதோ அதுதான். ஒவ்வொன்றுக்கும் பத்து, பதினைந்து விநாடி பொறுக்க வேண்டும்.

அந்தப் போர்ட்டே பழுதாகியிருந்தால், "காப்பி 1" இன் பிரிண்டர் பிராப்பர்டீஸில் போர்ட்ஸ் பக்கத்தைத் திறந்து, எதில் டிக் இருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். யூ.எஸ்.பி001, யூ.எஸ்.பி002 என்று வரிசையாக இருக்கும். பழைய எண்கள் தாமாக மறையாது. பழைய பிரிண்டரையும் அந்த எண்ணுக்கு மாற்றிவிட்டால் அப்போதைக்கு வேலை நடக்கும். நிலையான தீர்வு வேண்டுமானால் பழையதை நீக்கிவிட்டு, "காப்பி 1" க்குப் பழைய பெயரை அப்படியே, இடைவெளி கூடப் பிசகாமல் வையுங்கள். காகித அளவையும் ஷேரிங் பெயரையும் மறுபடி அமைக்க வேண்டும். இதைத்தான் பலர் மறக்கிறார்கள். "லெட் விண்டோஸ் மேனேஜ் மை டீஃபால்ட் பிரிண்டர்" என்பதையும் அணைத்துவிடுங்கள். அது இயங்கினால் கடைசியாகப் பயன்படுத்திய பிரிண்டரே டீஃபால்ட் ஆகிவிடும்.

* * *

போர்ட்டை மாற்றவே இல்லை, ஆனாலும் நாளுக்கு நாலு முறை "டிங்" என்று ஒலி கேட்கிறது, பிரிண்டர் மறைந்து வருகிறது என்றால் அது வேறு நோய். இணைப்பு அறுந்து அறுந்து சேர்கிறது. இங்கே டிரைவரைத் தொடவே தேவையில்லை.

யூ.எஸ்.பி 2.0 கேபிளுக்கு 5 மீட்டர்தான் எல்லை. 3 மீட்டர் கேபிளோடு இன்னொரு 3 மீட்டர் எக்ஸ்டென்ஷன் போட்டு இழுத்திருந்தால் அதைத்தான் முதலில் எடுக்க வேண்டும். சோதனைக்கு 1.5 மீட்டர் கேபிள் ஒன்றை, ஹப் இல்லாமல், கணினியின் பின்பக்கப் போர்ட்டில் நேராகச் செருகுங்கள். முன்பக்கப் போர்ட்டுகள் உள்ளே இன்னொரு ஒயர் வழியாக மதர்போர்டுக்குப் போகின்றன. அந்தக் கனெக்டர் தளர்ந்திருப்பது உண்டு. பிரிண்டர் பக்கத்துச் சதுர முனையைப் பிடித்து லேசாக அசைத்துப் பாருங்கள். அசைக்கும்போது ஒலி வந்தால், கேபிளை மாற்றியும் போகாவிட்டால், பிரிண்டரின் சாக்கெட் சால்டர் விட்டிருக்கிறது.

கொஞ்ச நேரம் சும்மா இருந்த பிறகு மட்டும் மறைகிறதா? அப்படியானால் மின்சேமிப்புதான் காரணம். பவர் ஆப்ஷன்ஸின் அட்வான்ஸ்டு செட்டிங்ஸில் யூ.எஸ்.பி செலக்டிவ் சஸ்பெண்டை டிஸேபிள் செய்யுங்கள். டிவைஸ் மேனேஜரில் ஒவ்வொரு யூ.எஸ்.பி ரூட் ஹப்பின் பவர் மேனேஜ்மென்ட் பக்கத்திலும், கணினி இதை அணைக்கலாம் என்ற டிக்கை எடுங்கள்.

ஷட்டவுன் செய்து திறந்தால் சிக்கல் வருகிறது, ரீஸ்டார்ட் செய்தால் சிக்கல் வருவதில்லை என்பவர்கள் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பை அணைத்துப் பார்க்கவும். அது இயங்கும்போது ஷட்டவுன் முழு ஷட்டவுன் அல்ல. விண்டோஸின் உட்கருவான கெர்னலின் நிலை டிஸ்க்கில் சேமிக்கப்பட்டு அப்படியே திரும்ப ஏற்றப்படுகிறது.

* * *

எந்த நோய் என்று ஊகிக்க வேண்டியதில்லை. டிவைஸ் மேனேஜரில் முதலில் திறந்த அதே பிராப்பர்டீஸ் பெட்டியில் ஈவன்ட்ஸ் என்றொரு பக்கம் இருக்கிறது, யாரும் அதைத் திறப்பதில்லை. எந்தத் தேதியில், எந்த நேரத்தில் கருவி இன்ஸ்டால் ஆனது என்று அது வரிசையாகச் சொல்லும். "டிவைஸ் ரிக்வயர்ஸ் ஃபர்தர் இன்ஸ்டலேஷன்" என்று வந்து, அதன் பிறகு எதுவும் இல்லையென்றால் இன்ஸ்டாலேஷன் பாதியில் நின்றிருக்கிறது. விவரம் வேண்டுமானால் விண்டோஸ் ஃபோல்டருக்குள் ஐ.என்.எஃப் ஃபோல்டரில் செட்டப்ஏபிஐ டெவ் (setupapi.dev.log) என்ற லாக் கோப்பு இருக்கும். அதில் உங்கள் பிரிண்டரின் தயாரிப்பாளர் எண்ணைத் தேடுங்கள். ஒவ்வொரு முயற்சியின் முடிவிலும் வெற்றியா தோல்வியா என்று ஒரு வரி இருக்கும்.

தோல்வி என்று இருந்தால்தான் டிரைவரை முழுக்க எடுத்துவிட்டுப் போட வேண்டும். அப்போதும் வரிசை முக்கியம். முதலில் கேபிளைக் கழற்றுங்கள். ஆப்ஸ் பட்டியலில் பிரிண்டரின் தொகுப்பை அன்இன்ஸ்டால் செய்து, பிரிண்டர் பட்டியலில் அதன் எல்லாக் காப்பிகளையும் நீக்குங்கள். பிறகு பிரிண்ட் சர்வர் பிராப்பர்டீஸைத் திறந்து, டிரைவர்ஸ் பக்கத்தில் அந்த டிரைவரைத் தேர்ந்தெடுத்து, "ரிமூவ் டிரைவர் அண்ட் டிரைவர் பேக்கேஜ்" கொடுங்கள். டிரைவரை மட்டும் நீக்கிப் பேக்கேஜை விட்டுவிட்டால், கேபிளைச் செருகியதும் விண்டோஸ் அதே பழுதான கோப்புகளை எடுத்து மறுபடி போடும். பத்து முறை அழித்தும் போகவில்லை என்பவர்கள் சிக்குவது இங்கேதான்.

"டிரைவர் பயன்பாட்டில் உள்ளது" என்று மறுத்தால், அச்சு வேலைகளை வரிசையில் வைத்து அனுப்பும் பிரிண்ட் ஸ்பூலர் சர்வீஸை ரீஸ்டார்ட் செய்த கையோடு ரிமூவ் கொடுங்கள். ஸ்பூலர் அந்தக் கோப்பை மறுபடி பிடிப்பதற்குள் செய்ய வேண்டும். தேங்கிய அச்சுகள் இருந்தால் ஸ்பூலரை நிறுத்தி, சிஸ்டம்32 இல் ஸ்பூல் ஃபோல்டருக்குள் உள்ள பிரிண்டர்ஸ் ஃபோல்டரைக் காலி செய்யுங்கள், ஃபோல்டரையே அழித்துவிடாதீர்கள். கடைசியாக டிவைஸ் மேனேஜரின் வியூ மெனுவில் "ஷோ ஹிடன் டிவைசஸ்" கொடுத்து, மங்கலாகத் தெரியும் அந்த மாடலின் பதிவுகளைப் பிரிண்ட் க்யூஸ், யூ.எஸ்.பி இரண்டு பிரிவுகளிலும் நீக்குங்கள். மங்கலாக இருப்பதையெல்லாம் நீக்கக் கூடாது, அந்த மாடல் மட்டும்.

ரீஸ்டார்ட் செய்து, இன்ஸ்டாலரை அட்மினாக ஓட்டுங்கள். அது கேட்கும்போதுதான் கேபிள். முன்பே செருகினால் விண்டோஸ் தன்னிடமுள்ள பொது டிரைவரைப் போட்டுவிடும், இன்ஸ்டாலர் இன்னொன்றைச் சேர்க்கும்.

* * *

இரண்டு விதிவிலக்குகள். சில லேசர் பிரிண்டர்கள் டிரைவரைத் தமக்குள்ளேயே சுமந்து, செருகியதும் முதலில் ஒரு சிடி டிரைவாகத் தோன்றி, பிறகே பிரிண்டராக மாறும். அந்த மாற்றம் நடக்காமல் போனால் ஒவ்வொரு முறையும் செட்டப் எழும். அந்த வசதியைத் தயாரிப்பாளரின் சிறு கருவியாலோ பிரிண்டரின் சொந்த அமைப்புப் பக்கத்திலோ அணைக்கலாம். அடுத்தது, ஒரே பிரிண்டர் யூ.எஸ்.பியிலும் வைஃபையிலும் இணைந்திருப்பது. இரண்டும் தனித்தனிப் பதிவாக வரும். வேண்டாததைப் பட்டியலில் நீக்கினால் போதாது, பிரிண்டரின் பேனலிலேயே வைஃபையை அணைக்க வேண்டும்.

* * *

தலைகீழான சிக்கலும் இருக்கிறது. ஒரே மாடலில் பல பிரிண்டர்களைச் சோதிக்கும் கணினியில், சீரியல் எண் இருப்பதே தொல்லை: போர்ட் அதேதான், ஆனால் ஒவ்வொரு பிரிண்டரும் புதிதாக இன்ஸ்டால் ஆகி, பட்டியல் நிரம்பிவிடும். விண்டோஸின் அமைப்புகள் சேமிக்கப்படும் ரெஜிஸ்ட்ரியில் கரண்ட் கண்ட்ரோல் செட், கண்ட்ரோல், அதற்குள் யூ.எஸ்.பி ஃபிளாக்ஸ் என்ற இடத்தில், ஹார்ட்வேர் சீரியலைப் புறக்கணிக்கச் சொல்லும் மதிப்பை உருவாக்கலாம். "இக்னோர் எச்.டபிள்யூ செர் நம்" (IgnoreHWSerNum) என்ற பெயரோடு தயாரிப்பாளர் எண் நான்கு இலக்கம், மாடல் எண் நான்கு இலக்கம், இடைவெளி இல்லாமல், வகை பைனரி, மதிப்பு 01. கைவைக்கும் முன் அந்தக் கிளையை எக்ஸ்போர்ட் செய்துகொள்ளுங்கள். இதன் பிறகு அந்த மாடலுக்குப் போர்ட்தான் அடையாளம். எனவே எப்போதும் ஒரே போர்ட்டில் செருக வேண்டும். ஒரு பிரிண்டர் மட்டும் உள்ள கணினியில் இதைப் போட்டால், முதலில் பேசிய "காப்பி 1" சிக்கலை நாமே வரவழைத்தது போலாகும்.