விழுந்ததுக்கு எடுத்த ஸ்கேனில் சைனஸ்: எங்கள் வீட்டு அனுபவம்

கேரளத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கொழிஞ்சாம்பாறைப் பக்கம் இருக்கிறோம். சின்னவனுக்கு ஐந்து வயது. போன மழைக்காலத்தில் திண்ணையிலிருந்து தலைகுப்புற விழுந்தான். வெறுமனே அழுதிருந்தால் வீட்டிலேயே பார்த்திருப்போம். திரும்பத் திரும்ப வாந்தி எடுத்தான், கூப்பிட்டால் மந்தமாக முழித்தான். பாலக்காட்டுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம், சி.டி. எடுத்தார்கள். முறிவு இல்லை, ரத்தக் கசிவு இல்லை. இரவு வைத்திருந்து பார்த்துவிட்டுக் காலையில் அனுப்பினார்கள்.

வம்பு ரிப்போர்ட்டின் அடியில் இருந்தது. கன்னத்து சைனஸ் (முக எலும்புக்குள் இருக்கும் காற்றறை) இரண்டிலும் உள்சவ்வு தடித்திருக்கிறது, நெற்றி சைனஸ் உருவாகவில்லை என்று போட்டிருந்தார்கள். வீட்டுக்காரி அதைப் படம் எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டாள். அப்புறம் போன் ஓயவில்லை. பொள்ளாச்சி மச்சான், "மாப்ளே, சைனஸை வளர விட்டா ஆபரேஷன்லதான் கொண்டுபோய் விடும்" என்றார். அம்மிச்சிக்கோ 'உருவாகவில்லை' என்றதுதான் நெஞ்சில் தைத்தது. பேரனுக்கு மண்டையில் ஏதோ குறை என்று அழுகையே வந்துவிட்டது.

மச்சான் சொன்ன ஆன்டிபயாடிக்கை இங்கே மருந்துக்கடையில் சீட்டு இல்லாமல் தர மறுத்துவிட்டார்கள். 2024 தொடக்கத்தில் கேரள மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 'ஆபரேஷன் அம்ரித்' என்று சோதனை தொடங்கியதிலிருந்தே கெடுபிடிதான். "நான் இங்க வாங்கி கோபாலபுரம் செக்போஸ்ட் தாண்டிக் கொண்டாந்து தரேன்" என்றார் மச்சான். பாசம்தான், என்ன செய்ய. டாக்டரிடம் கேட்காமல் வேண்டாம் என்று நிறுத்தி வைத்தேன்.

சித்தூரில் குழந்தைகள் டாக்டரம்மாவிடம் போனோம். ரிப்போர்ட்டை மேசை ஓரமாக வைத்துவிட்டு, பையன் மூக்கில் டார்ச் அடித்துப் பார்த்தார். விழுந்த வாரம் சளி இருந்ததா என்று கேட்டார். இருந்தது, மழைக்காலத்தில் எந்தப் பிள்ளைக்கு இல்லை? "அப்ப ஸ்கேன்ல இது தெரியத்தானே செய்யும். பேடிக்கண்டா" என்று சிரித்தார், பயப்பட வேண்டாம் என்று அர்த்தம். மூக்கின் உள்சவ்வுதான் சைனஸுக்குள்ளும் படர்ந்திருக்கிறது, சளி பிடித்தால் இரண்டும் சேர்ந்தே வீங்கும் என்றார்.

பிறகு அம்மிச்சியைப் பார்த்துப் பொறுமையாக விளக்கினார். கன்னத்து சைனஸும், மூக்குக்கும் கண்ணுக்கும் இடையில் இருப்பதும் பிறக்கும்போதே சிறியதாக இருக்கும். நெற்றியில் இருப்பது ஆறேழு வயதுக்கு மேல்தான் ஸ்கேனில் தெரிய ஆரம்பிக்கும், முழுசாக வளர வாலிப வயது ஆகும். ஐந்து வயதுப் பிள்ளைக்கு அது இல்லாததில் ஒரு குறையும் இல்லை. "அப்படிச் சொல்லு சாமி" என்று அம்மிச்சி அங்கேயே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அப்புறம் நானே தேடிப் படித்தேன். 1994இல் அமெரிக்காவில், புதிதாக ஜலதோஷம் பிடித்த 31 பெரியவர்களுக்கு சி.டி. எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். 27 பேருக்குக் கன்னத்து சைனஸில் மாற்றம் தெரிந்தது. சிலருக்கு இரண்டு வாரம் கழித்து மறுபடி எடுத்தபோது, ஆன்டிபயாடிக் இல்லாமலேயே பெரும்பாலோருக்குச் சரியாகியிருந்தது. சாதாரணச் சளியா, கிருமி பிடித்த சைனஸா என்று பிரித்துப் பார்க்கப் படம் எடுக்க வேண்டாம் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கமும் 2013 வழிகாட்டியில் சொல்லியிருக்கிறது.

வாளையாரில் சித்தி பேத்திக்கு வலிப்பு வந்து எம்.ஆர்.ஐ. எடுத்தபோதும் இதே வரி இருந்ததாம். அவளைப் பார்த்த நரம்பு டாக்டர் அதைப் பேச்சுக்குக்கூட எடுக்கவில்லை.

எப்போது திரும்ப வர வேண்டும் என்றும் டாக்டரம்மா சொல்லி அனுப்பினார். சளி பத்து நாள் தாண்டியும் குறையவே இல்லை, அல்லது குறைந்து மறுபடி காய்ச்சலோடு ஏறுகிறது என்றால் காட்ட வேண்டும். 102 டிகிரி காய்ச்சலும் சீழ் போன்ற சளியும் சேர்ந்தாற்போல் மூன்று நாள் நீடித்தாலும் அப்படித்தான். கண்ணைச் சுற்றி வீங்கினால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. ஒரு பக்க மூக்கில் மட்டும் நாற்றத்தோடு ஒழுகினால் பயறோ மணியோ உள்ளே போயிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

எங்கள் பையனுக்கு மருந்தே எழுதவில்லை, மறு ஸ்கேனும் இல்லை. சளி தானாகவே போய்விட்டது. ராத்திரி வாயைத் திறந்து குறட்டை விடுவது மட்டும் நிற்கவில்லை. மூக்குக்குப் பின்னால் இருக்கும் அடினாய்டு சதை வீங்கியிருக்கலாம் என்கிறார்கள், அதற்குக் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் காட்டப் போகிறோம்.