கதை நேரத்தில் பாதியிலேயே கிளம்பிவிடும் குழந்தைகள்: தனி வகுப்பு தேவையா?

நூலகத்தோழி:
நூலகத்தில் வாராவாரம் கதை நேரம் நடக்கிறது. 3 முதல் 6 வயது வரை 15 குழந்தைகள், 45 நிமிடம். ஆட்டிசம் உள்ள குழந்தைகள் இருவர் வருகிறார்கள். ஒரு குழந்தை பத்தாவது நிமிடமே எழுந்து அறையைச் சுற்ற ஆரம்பித்துவிடும். இன்னொன்று, கதை முடிந்து எல்லோரும் கைதட்டும்போது காதைப் பொத்திக்கொண்டு அலறும். அன்றைக்கு அதோடு சரி. பெற்றோர் மன்னிப்புக் கேட்டபடியே தூக்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். இவர்களுக்குத் தனி வகுப்பு வைக்கலாமா, இதிலேயே சேர்த்துக்கொள்ள வழி உண்டா? குழுவில் யாருக்கும் பயிற்சி இல்லை.

ஓசையளவு:
முதலில் அந்தக் கைதட்டலை எடுத்துவிட்டுப் பாருங்கள். வெறும் தரை, வெறும் சுவர் என்றால் அந்தச் சத்தம் அறைக்குள்ளேயே மோதித் திரும்பும். எப்போது வெடிக்கும், எப்போது ஓயும் என்று குழந்தைக்குத் தெரியாது. சிலருக்கு அது வலியாகவே உறைக்கும். ஒலி, ஒளி, தொடுதலுக்கு மிகையாகவோ மிகக் குறைவாகவோ எதிர்வினை காட்டுவதை 2013-இல் வந்த டிஎஸ்எம்-5 (அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் நோயறிதல் கையேடு) ஆட்டிசத்தைக் கண்டறியும் அளவுகோல்களிலேயே சேர்த்திருக்கிறது. செல்லம் கொடுத்துக் கெட்டுப்போனதால் வருவதல்ல.

காதுகேளாதோர் பாராட்டுவதுபோல இரு கைகளையும் தலைக்கு மேல் தூக்கி விரல்களை ஆட்டச் சொல்லுங்கள். குழந்தைகள் ஒரே வாரத்தில் பழகிவிடுவார்கள். மறந்துபோய்த் தட்டுவது பெரியவர்கள்தான். அவர்களிடம் வாசலிலேயே சொல்லிவிடுங்கள்.

மைக் வேண்டாம். தரையில் கம்பளம் விரித்தால் எதிரொலி குறையும். மினுக்கும் குழல்விளக்கை அணைத்துவிட்டு ஜன்னல் வெளிச்சத்தில் வாசிக்கலாம். ஆனால் கதை சொல்பவர் ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தால் முகமும் படமும் இருட்டாகத் தெரியும், பக்கவாட்டில் உட்காருங்கள். காதை மூடும் ஹெட்ஃபோன் இரண்டு இருக்கட்டும். நீங்களாகத் தலையில் மாட்டாதீர்கள், கையில் கொடுங்கள்.

படஅட்டை:
45 நிமிடம் 3 வயதில் எந்தக் குழந்தைக்குமே அதிகம். 30 ஆக்குங்கள்: வரவேற்புப் பாட்டு 3, கதை 7, குதித்தல் ஊர்தல் 5, இன்னொரு கதை 5, கைவேலை 7, விடைபெறும் பாட்டு 3.

இந்த ஆறுக்கும் ஆறு அட்டைகள். உள்ளங்கை அளவு, ஒரு படம், ஒரு சொல், பின்னணியில் எதுவும் வேண்டாம். லேமினேட் செய்து, வெல்க்ரோ ஒட்டி, ஒரு நீளப் பலகையில் மேலிருந்து கீழாக வரிசையாக வையுங்கள். ஒவ்வொன்றும் முடிந்ததும் அட்டையைப் பிய்த்து 'முடிந்தது' பெட்டியில் போட வேண்டும். அந்த வேலையை எழுந்து சுற்றும் குழந்தையிடம் கொடுங்கள். வெல்க்ரோ 'சர்ர்' என்று பிரிவது கைக்கும் ஒரு வேலை, கதை முடிந்ததற்கும் ஒரு அடையாளம். வட கரோலினா பல்கலைக்கழகத்தில் 1972-இல் ஆட்டிசம் உள்ளவர்களுக்காகத் தொடங்கிய டீச் (TEACCH) திட்டம் பரவலாக்கிய முறைகளில் இந்தப் பட அட்டவணையும் ஒன்று.

எங்கே சொதப்பும் என்றால், முதல் அட்டையை எடுத்துவிட்டு அடுத்ததை மறந்துவிடுவார்கள். இரண்டே வாரத்தில் பலகை சுவர் அலங்காரமாகிவிடும். நிகழ்ச்சி மாறினால் அட்டையும் முன்கூட்டியே மாற வேண்டும், இல்லையென்றால் அடுத்த முறை குழந்தை அதை நம்பாது. "இன்னும் ரெண்டு நிமிஷம்" என்பதும் 4 வயதுக்கு வெறும் சத்தம். "இன்னும் ரெண்டு பக்கம்" என்று சொல்லிப் பக்கத்தைக் காட்டுங்கள், அல்லது மணல் கடிகாரத்தைக் கவிழ்த்து வையுங்கள்.

பேச்சு குறையட்டும். ஒருவர் மட்டும் பேச வேண்டும், நான்கைந்து சொல்லுக்கு மேல் போகக் கூடாது, சொன்னபின் மனதுக்குள் பத்து எண்ணிக் காத்திருக்க வேண்டும். மூன்றாவது நொடியிலேயே அதையே வேறு வார்த்தையில் சொன்னால், முதல் வாக்கியத்தை விளங்கிக்கொண்டிருந்த குழந்தை மறுபடி தொடக்கத்துக்குப் போகும். "ஓடாதே" என்பதைவிட "நடந்து வா" எளிது.

நேர்கோடு:
எல்லாம் சரிதான், ஆனா உட்கார வைக்கிறதே குறியா இருக்காதீங்க. முதுகைக் காட்டிக்கிட்டு, பொம்மை வண்டியை உருட்டிக்கிட்டே கதை முழுக்கக் கேக்குற பிள்ளைங்க உண்டு. உடம்பை ஆட்டறது, கையை உதறறது எல்லாம் தன்னைத்தானே நிதானப்படுத்திக்கிற வழி. அதை நிறுத்தச் சொன்னா இருக்கிற கவனமும் போயிடும். "என் கண்ணைப் பாரு" வேண்டவே வேண்டாம்.

அமைதி மூலை ஒண்ணு போடுங்க: ரெண்டு பக்கம் மறைப்பு, ஒரு மெத்தை, பிசையறதுக்கு ஏதாவது. அங்கிருந்தும் கதை காதில் விழணும். "போய் அங்கே உட்காரு"ன்னு கோபமா ஒரு தடவை சொன்னாப் போதும், அது தண்டனை மூலை ஆயிடும். எல்லாப் பிள்ளைகளும் இஷ்டத்துக்குப் போய் வரட்டும்.

அலறல் வந்துட்டா ஒரே ஒரு பெரியவர் மட்டும் பக்கத்துல, கொஞ்சம் தள்ளி, தரையில உட்காரணும். கேள்வி கேக்காதீங்க, தொடாதீங்க. இது ஏதோ வேணும்னு பிடிக்கிற அடம் இல்ல, தாங்க முடியாம உடைஞ்சு போறது. அதனால பேரம் பேசி அடக்க முடியாது. தணிஞ்சதும் அறிவுரை சொல்லாம, புத்தகத்துல கதையை எந்தப் பக்கத்துல விட்டுச்சோ அந்தப் பக்கத்தைக் காட்டுங்க.

நூலகத்தோழி:
மிக்க நன்றி. இரண்டு விஷயம் பாக்கி. கதவு தெருவைப் பார்த்து இருக்கிறது. "அந்தப் பிள்ளைக்கு மட்டும் என்ன தனிச் சலுகை?" என்று மற்ற பெற்றோர் கேட்டால் என்ன சொல்வது?

ஓசையளவு:
கதவருகே முழு நேரமும் ஒருவர் உட்காரட்டும், கையில் போன் இல்லாமல். பூட்டாதீர்கள்; தீ விபத்து என்றால் அதே கதவுதான் வழி. குழந்தை வெளியேறிவிட்டால் முதலில் பக்கத்தில் இருக்கும் நீர்நிலையைத் தேடுங்கள். ஆட்டிசம் உள்ள குழந்தைகள் இப்படி வெளியேறி இறக்கும்போது பெரும்பாலும் நீரில் மூழ்கியே இறக்கிறார்கள்.

மற்ற பெற்றோரிடம், அந்தக் குடும்பத்தின் அனுமதி இல்லாமல் ஆட்டிசம் என்ற சொல்லையே எடுக்காதீர்கள். "மூலையும் ஹெட்ஃபோனும் எல்லாருக்கும்தான்" என்று சொன்னால் போதும், அது உண்மையாகவும் இருக்க வேண்டும்.

படஅட்டை:
தனி வகுப்பு பற்றி: தேவையில்லை. அதற்குப் பதில் முதல் தடவை வரும் குழந்தை மட்டும் பத்து நிமிடம் முன்னதாக, அறை காலியாக இருக்கும்போது வரட்டும். வாசல், அறை, கதை சொல்பவர் முகம், கழிவறை ஆகியவற்றின் புகைப்படங்களை மூன்று நாள் முன்பே வீட்டுக்கு அனுப்புங்கள். இந்த வாரம் வேறொருவர் கதை சொல்வதாக இருந்தால் அவர் படத்தையும். பெற்றோரிடம் குழந்தைக்கு என்ன பிரச்சினை என்று கேட்காமல், தாங்க முடியாமல் போவதற்கு முன் உடம்பில் என்ன தெரியும் என்று கேளுங்கள். ஒரு குழந்தை முனகும், ஒன்று சட்டை நுனியை மெல்லும், ஒன்று நுனிக்காலில் நடக்க ஆரம்பிக்கும். அது தெரிந்தால் அலறலுக்கு முன்பே அமைதி மூலையின் படம் போட்ட அட்டையை நீட்டலாம்.