விண்டோஸில் உட்கார்ந்து லினக்ஸ் சர்வரை மேய்த்தவர்கள், உங்கள் கதை?

கருந்திரை:
நாலு வருடம் ஆகிவிட்டது, புட்டியில் (விண்டோஸிலிருந்து சர்வருக்குள் நுழையும் மென்பொருள்) வலது கிளிக் செய்ய இன்னும் கை கூசுகிறது. சென்ட்ஓஎஸ் 7 என்ற லினக்ஸ், எல்லா அதிகாரமும் உள்ள ரூட்டாக உள்ளே இருக்கிறேன், ராத்திரி பதினொன்றரை. மெனு வரும் என்று விண்டோஸ் பழக்கத்தில் வலது பட்டனை அழுத்தினேன். சற்று முன்புதான் டெஸ்ட் சர்வரைத் துடைக்க ஆறு வரி கமாண்ட் காப்பி செய்து வைத்திருந்தேன். புட்டியில் வலது பட்டன் என்றால் பேஸ்ட், அத்தனையும் நிஜ சர்வரான புரொடக்‌ஷனில் விழுந்தது. ஒவ்வொரு வரி முடிவிலும் என்டர் இருக்கிறதே! கண்ட்ரோல் சி அடிப்பதற்குள் நாலாவது வரி ஓடி முடிந்திருந்தது. அப்லோட் ஃபோல்டர் காலி. திரையில் கர்சர் மட்டும் ஒன்றுமே நடக்காதது போல மினுக்கிக்கொண்டிருந்தது.

இரவுப்பணி:
எனக்கு நோட்பேட். பேக்கப் ஸ்கிரிப்டை விண்டோஸில் திருத்தி, வின்எஸ்சிபி என்ற கோப்பு அனுப்பும் மென்பொருள் வழியாக ஏற்றி, குறித்த நேரத்தில் தானாக ஓட்டும் கிரானில் போட்டேன். பதினொரு நாள் கழித்துப் பார்த்தால் ஒரு பேக்கப்கூட இல்லை. கையால் ஓட்டினால் "அப்படி ஒரு கோப்பு இல்லை" என்கிறது. கோப்பு கண்ணெதிரே இருக்கிறது! கோப்பைத் திரையில் காட்டும் கேட் கமாண்டோடு பெரிய ஏ போட்டுப் பார்த்தபோதுதான் ஒவ்வொரு வரியின் வாலிலும் தொப்பிக் குறியும் எம்மும். விண்டோஸ் வரி முடிவில் ஒட்டும் கூடுதல் எழுத்து அது. ஸ்கிரிப்டை ஓட்டும் பேஷ் என்ற நிரலைத் தேடாமல் 'பேஷ்+எம்'மைத் தேடியிருக்கிறது. அந்த எழுத்தை நீக்கும் டாஸ்டுயூனிக்ஸ், ஒரே கமாண்ட், சரியாகிவிட்டது.

பழையகை:
கருந்திரை, புட்டி மேல் பழி போடாதீர்கள். யூனிக்ஸின் எக்ஸ் விண்டோ என்ற திரை அமைப்பில் தேர்ந்தெடுத்தாலே காப்பி, நடு பட்டனில் பேஸ்ட். புட்டி அந்த வழக்கத்தை வலது பட்டனுக்குக் கொண்டுவந்தது, அவ்வளவுதான். புட்டி செட்டிங்கில் விண்டோ, செலெக்‌ஷன் பக்கத்துக்குப் போய் 'விண்டோஸ்' என்று மாற்றினால் மெனுவே வரும். அதோடு, பேஷ் 5.1 முதல் ஒட்டிய வரிகள் நீங்கள் என்டர் தட்டும்வரை ஓடாது. சென்ட்ஓஎஸ் 7-இல் இருந்தது 4.2. டெபியன், உபுண்டு லினக்ஸ் என்றால் மோலிகார்டு போடுங்கள், எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழையும் பாதுகாப்பான வழி) வழியாக ரீபூட் செய்யப் போனால் சர்வர் பெயரைத் தட்டச் சொல்லும். இணைப்பு அறுந்தாலும் வேலையை ஓடவைக்கும் டிமக்ஸ் இல்லாமல் பெரிய வேலை தொடங்காதீர்கள். எஸ்எஸ்எச் கான்ஃபிக்கில் கை வைத்தால் இன்னொரு இணைப்பைத் திறந்தே வையுங்கள். 2018 முதல் விண்டோஸ் 10-இலேயே எஸ்எஸ்எச் மென்பொருளான ஓப்பன்எஸ்எஸ்எச் இருக்கிறது, பலர் கவனிப்பதே இல்லை.
என் கதையா? எஸ்எஸ்எச் வரும் 22-ஆம் போர்ட்டைத் திறக்காமல் ஃபயர்வாலை எனேபிள் செய்து, அடுத்த முறை உள்ளே நுழைய முடியாமல் டேட்டா சென்டருக்கு பஸ் ஏறினேன்.

குட்டிஅட்மின்:
விம் என்ற எடிட்டரில் சேவ் செய்யக் கண்ட்ரோல் எஸ் அடித்து, திரை உறைந்து, ஐந்து முறை மூடித் திறந்தேன். ஆறாவது முறை பக்கத்து சீட் அக்கா எட்டிப் பார்த்து, "கண்ட்ரோல் க்யூ அடிடா" என்றார். அந்த 'டா' இன்னும் காதில் கேட்கிறது.

கருந்திரை:
அண்ணே, அந்த செட்டிங்கை மறுநாளே மாற்றிவிட்டேன். கை நம்ப மறுக்கிறதே! இரவுப்பணி, அந்தப் பதினொரு நாள் பேக்கப் என்ன ஆயிற்று?

இரவுப்பணி:
யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.