இரண்டு பட்டியல்களிலும் இருப்பவர்களை எடுக்கும்போது சோழவந்தான் மட்டும் ஏன் விடுபடுகிறது?

கேள்வி (மாட்டுத்தாவணியிலிருந்து):
பூ மார்க்கெட்டில் அப்பாவின் கமிஷன் கடைக் கணக்கைப் பைத்தான் என்ற கணினி மொழியில் எழுதிவருகிறேன். ஒரு பட்டியலில் முன்பணம் வாங்கிய விவசாயிகள் 640 பேர். இன்னொன்றில் இன்று மல்லிகை கொண்டுவந்தவர்கள், 380 வரிகள். ஒவ்வொரு வரியிலும் பெயரும் ஊரும் உண்டு. இரண்டிலும் இருப்பவர்களிடம்தான் முன்பணத்தைப் பிடிக்க வேண்டும்.

பட்டியலை வரிவரியாக ஓட்டும் ஒரு ஃபார் லூப்புக்குள் இன்னொன்று போட்டேன். திருமங்கலம், உசிலம்பட்டிக்காரர்கள் சரியாக வருகிறார்கள். சோழவந்தான், கொட்டாம்பட்டி, தோப்பூர்க்காரர்கள் ஒருவர்கூட வரவில்லை. திரையில் இரண்டு சோழவந்தானும் ஒன்றுபோலவே தெரிகின்றன. பிடிக்காமல் விட்டால் கடைக்கு நஷ்டம். தவறாகப் பிடித்துவிட்டாலோ, விடியுமுன் பூப்பறித்து வருகிறவரின் பணத்தில் கை வைத்ததாகிவிடும். அதை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது.

பதில் 1:
இரண்டையும் செட் (ஒன்றே இரண்டு முறை வராத தொகுப்பு) ஆக்கி, பொதுவானவற்றைத் தரும் இன்டர்செக்‌ஷன் எடுங்கள். ஒரே வரியில் முடிந்துவிடும்.

கேட்டவர்:
செய்து பார்த்தேன் அண்ணா. சோழவந்தான் இன்னும் வரவில்லை. இரண்டு முறை எடை போட்டவரும் ஒரு வரியாகச் சுருங்கிவிட்டார்.

பதில் 2:
தம்பி, விடுபடும் ஊர்களின் முதலெழுத்தைப் பாருங்கள்: சோ, கொ, தோ. மூன்றிலும் முன்னால் கொம்பு, பின்னால் கால். கோளாறு அங்கேதான். கணினி எழுத்துகளைச் சேமிக்கும் குறியீட்டு முறையான யூனிகோடில் 'ோ' ஒரே குறியாகவும் இருக்கலாம். 'ே', 'ா' என இரண்டு குறிகளாகவும் இருக்கலாம். கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு வேறு. இரண்டு சோழவந்தானுக்கும் லென் (குறிகளை எண்ணிச் சொல்லும் கட்டளை) போட்டுப் பாருங்கள். ஒன்று 10, மற்றது 11 என்று வரும். பழைய எழுத்துருவில் தட்டிய கோப்பை யூனிகோடுக்கு மாற்றினால் இப்படி நேர்வதுண்டு. யூனிகோட்டேட்டா மாட்யூலில் உள்ள நார்மலைஸ் கொண்டு, இரண்டு பட்டியலையும் படித்தவுடனே, இப்படிப் பிரிந்த குறிகளை ஒன்றாக்கும் என்.எஃப்.சி. வடிவத்துக்குக் கொண்டுவாருங்கள்.

செட் உங்களுக்குப் பொருந்தாது, தொகையும் வேண்டுமே. முன்பணப் பட்டியலை டிக்‌ஷனரி ஆக்குங்கள்: பெயரும் ஊரும் சேர்ந்து தேடுவதற்கான சாவி, தொகை அதற்குரிய மதிப்பு. இன்றைய பட்டியலை மட்டும் லூப்பில் ஓட்டினால் போதும். இப்போதைய முறையில் 2,43,200 ஒப்பீடுகள். இந்தப் புதிய முறையில் 380 தேடல்கள்தான். இரண்டு எடை போட்டவரும் இரண்டு வரியாகவே கிடைப்பார். ஒரு முறை பிடித்ததும் அந்தத் தொகையைக் கழித்துவிடுங்கள், மறுபடி பிடிக்காது.

கேட்டவர்:
ஐயா, அப்படியே 10, 11! சோழவந்தான் முழுவதும் வந்துவிட்டது. கௌரி என்று ஓர் அம்மா மட்டும் இன்னும் வரவில்லை.

பதில் 2:
ஒரு பட்டியலில் 'ௌ' இருக்கும். மற்றதில் 'ெ' போட்டு, பக்கத்தில் 'ள' என்ற எழுத்தையே தட்டியிருப்பார்கள். அது வேறு எழுத்து என்பதால் என்.எஃப்.சி. தொடாது. எல்லா இடத்திலும் மொத்தமாக ரீப்ளேஸ் செய்துவிடாதீர்கள், 'ெ'க்குப் பின் உண்மையிலேயே 'ள' வரும் வெள்ளரிப்பட்டி போன்ற ஊர்ப்பெயர் சிதைந்துவிடும். அந்த அம்மாவின் பெயரைக் கையாலேயே திருத்துங்கள்.