எல்ல – வெல்லவாய சைக்கிள் இறக்கம், பிறகு தியலும ஏற்றம்: ஓகஸ்ட்டில் எப்படி?

பண்டாரவளையான்:
ஓகஸ்ட்டில் ஒரு சனிக்கிழமை எல்லவில் இருந்து வெல்லவாயவுக்கு சைக்கிளில் இறங்கி, தியலுமவுக்குப் போய் நீர்வீழ்ச்சியின் உச்சிக்கு ஏற யோசனை. திரும்புவது பஸ்ஸில். காலை 9 மணிக்கு எல்லவில் தொடங்கலாமா? சைக்கிள் 26 அங்குல மவுண்டன் பைக், வி-பிரேக் (சக்கர விளிம்பைக் கட்டைகளால் பிடிக்கும் வகை). முக்கால்வாசி இறக்கம்தானே, பெரிதாகக் களைக்காது என்று நினைக்கிறேன். தண்ணீர் எவ்வளவு வேண்டும்?

மானாப்புல்:
9 மணி வேண்டாம் தம்பி. எல்ல கடல் மட்டத்தில் இருந்து 1,040 மீற்றர், வெல்லவாய 200 மீற்றர் அளவு. 27 கிலோமீற்றரில் குளிர் நாட்டை விட்டு வறண்ட வலயத்துக்குள் விழுகிறீர்கள். ஓகஸ்ட்டில் ஊவாப் பக்கம் மழை குறைவு, கச்சான் என்ற வறண்ட காற்று வேறு. 9 மணிக்குப் புறப்பட்டால் தியலுமப் பாறையில் கால் வைக்கும்போது உச்சி வெயில். குளிர்ந்த நேரத்தை இறக்கத்தில் செலவழித்துவிட்டு, ஏற்றத்தை வெயிலுக்கு விடுவது தலைகீழ்க் கணக்கு.

காலை 5.30க்கு விளக்குப் போட்டுக்கொண்டு வெளிக்கிடுங்கள். ஏழு, ஏழேகாலுக்கு வெல்லவாய. அங்கே சாப்பிட்டு, போத்தல்களை நிரப்புங்கள். தியலுமவுக்கு இன்னும் 13 கிலோமீற்றர். கொஸ்லந்தைப் பக்கம் திரும்பும் அந்தப் பாதை ஏற்றம், ஒரு மணித்தியாலம் வையுங்கள்.

தண்ணீர்: சைக்கிளில் 750 மில்லிலீற்றர் போத்தல் இரண்டு, நடைக்குப் பையில் ஒன்றரை லீற்றர். அதில் ஒரு லீற்றருக்கு ஒரு ஜீவனி (உடல் நீரிழப்புக்குக் குடிக்கும் உப்புக் கலவை) பக்கெட். அரைப் போத்தலில் முழுப் பக்கெட்டைக் கொட்டினால் உப்பு கூடி, தாகம்தான் ஏறும். வெயிலில் புல்லரித்தாலோ வேர்வை நின்றாலோ நிழலுக்குப் போங்கள், “இன்னும் கொஞ்சம்” என்று ஏற வேண்டாம்.

கம்பிச் சக்கரம்:
பிரேக் விஷயம் நான் சொல்கிறேன். வி-பிரேக்கில் இறக்கம் முழுக்க லீவரை மெதுவாக அழுத்திக்கொண்டே வருவதுதான் பெரிய பிழை. றிம் சூடேறி, உள்ளே டியூபில் ஒட்டுப் போட்ட இடம் இளகிக் காற்று போகும். வளைவுக்கு முன்னால் இரண்டு பிரேக்கையும் சேர்த்து அழுத்தி வேகத்தைக் குறையுங்கள், வளைவில் விடுங்கள். றிம்மும் ஆறும்.

முதல் நாள் பாருங்கள்: பிரேக் கட்டையில் உள்ள பள்ளக் கோடு தேய்ந்து மறைந்திருந்தால் மாற்ற வேண்டும். லீவரை முழுக்க இழுத்தாலும் ஹேண்டிலுக்கு இரண்டு விரல் இடைவெளி மிச்சம் இருக்க வேண்டும். கேபிள் பெரும்பாலும் அறுவது லீவருக்குள், முனை இருக்கும் இடத்தில். ஒரு நார் பிரிந்திருந்தாலும் புதிது போடுங்கள். டயரில் காற்றழுத்தம் 40 பி.எஸ்.ஐ. அளவு போதும், அதற்கு மேல் அடித்தால் கற்களில் துள்ளும். ஒட்டுப்போட்ட டியூப் வேண்டாம், விலை பார்க்காமல் புதிது ஒன்று வாங்குங்கள்.

எல்லவில் இருந்து 6 கிலோமீற்றரில் இராவணா எல்ல நீர்வீழ்ச்சி. பாதையோரம் வான்கள் நிற்கும், தார் ஈரமாக இருக்கலாம், குரங்குகள் பையைப் பறிக்கும். அதற்கு முன்னாலேயே வேகத்தைக் குறைத்துவிடுங்கள்.

பண்டாரவளையான்:
நன்றி அண்ணாமார். சைக்கிளை எங்கே விடலாம்? ஏறும் வழி எது?

மானாப்புல்:
கீழே, நீர்வீழ்ச்சிக்கு எதிரே உள்ள கடைகளில் கேட்டு விடுங்கள். ஏதாவது வாங்கினால் பார்த்துக்கொள்வார்கள், பூட்டை மறக்க வேண்டாம். வீழ்ச்சி அடியில் இருந்து வெல்லவாயப் பக்கம் அரைக் கிலோமீற்றர் அளவு வந்தால் இடதுபுறம் தோட்டப் பாதை ஏறும். இறப்பர் மரங்களுக்கிடையில் ஒரு மணித்தியாலம். கிளைப் பாதைகள் குழப்பும், ஆளைக் கண்டால் கேட்டுக்கொள்ளுங்கள். பூனாகலைப் பக்கமாக, வீழ்ச்சிக்கு மேலே உள்ள மாக்கல்தெனியவுக்கு வந்தால் நடை குறைவுதான், ஆனால் உங்கள் திட்டத்துக்குச் சரிவராது.

முழுக்கைச் சட்டை போடுங்கள், வழியில் வளரும் மானாப்புல் என்ற கூரிய புல் கையை அறுக்கும். அது காய்ந்திருக்கும் மாதம். தீக்குச்சி, சிகரட் கூடவே கூடாது. பெடலில் மாட்டும் கிளீட் உள்ள சைக்கிள் சப்பாத்தோடு பாறையில் ஏற வேண்டாம், றப்பர் அடிச் சப்பாத்து ஒன்றைப் பையில் கொண்டுபோங்கள்.

மேலே தடாகங்களில் தண்ணீர் குறைந்திருக்கும், அதை நம்பி விளிம்புக்குப் போகக்கூடாது. ஈரம் ஓடும் கோட்டில் பாசி வழுக்கும், கீழே 220 மீற்றர். கறுத்த பாறையைத் தவிர்த்து, காய்ந்த வெளிர் பாறையில் மட்டும் கால் வையுங்கள்.

கம்பிச் சக்கரம்:
பஸ்ஸில் சைக்கிளை எல்லாக் கண்டக்டரும் ஏற்றமாட்டார்கள். முன் சக்கரத்தைக் கழற்றிக் கட்டிக் கொண்டுபோனால் ஒத்துக்கொள்ள வாய்ப்பு அதிகம். அதற்கு 15 மில்லிமீற்றர் ஸ்பானர் தேவையா, கையாலேயே கழற்றும் குவிக் ரிலீஸா என்று வீட்டிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.